இடது கன்னம்

சத்தியத் தண்ணீரைச் சாவ் ஸெங் லோன் விழுங்கவில்லை. இடது கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு மண்டியிட்டபடி இருந்தார்.

வாளும் வேலும் அம்பும் முக்கி எடுத்த தண்ணீர். சாபங்கள் எழுதிய ஓலையைக் கொளுத்தி அந்தச் சாம்பலையும் கலந்திருந்தார்கள். குடித்துவிட்டு பர்மாவின் ஆவா மன்னருக்குத் துரோகம் நினைத்தால் ரத்தம் கக்கிச் சாக வேண்டியதுதான்.

உள்ளே இறங்காத தண்ணீர் யாரை என்ன செய்யும்? வெளியே போய்த் துப்பிவிட்டால் தீர்ந்தது.

மலையில் அவர் தம்பி இரண்டாயிரம் பேரோடு காத்திருந்தான். அந்த மலையின் சிற்றரசர், சாவ்பா, அவர்தான். அவர் ஊர் திரும்பியதும் கலகம். ஒரே ஒரு முடிச்சுதான் பாக்கி. பத்து வருஷமாக இந்த அரண்மனையில் பிணையாக இருக்கும் மகன் குன் ஹான். தகப்பன் கலகம் செய்தால் மகன் தலை உருளும். இன்று மாலை அவனை ஆற்றங்கரைக்குக் கூட்டி வந்துவிடுவதாகக் குதிரைலாயக்காரன் ஒருவன் வாக்குக் கொடுத்திருந்தான்.

மகன் நல்லபடியாக இருக்கிறானா என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும்.

வருஷா வருஷம் பிணைப் பிள்ளைகளைத் தூண் ஓரமாக நிறுத்திக் காட்டுவார்கள். ஓரக்கண்ணால் பார்த்தார். இன்று அங்கே ஈ காக்கை இல்லை.

பையனுக்குக் காய்ச்சலோ? விஷயம் தெரிந்துவிட்டதோ? நிமிர்ந்து பார்க்கவும் வழியில்லை. மன்னர் முன்னால் கண்ணைத் தூக்குகிறவன் கண்ணோடு வீடு திரும்ப மாட்டான்.

இந்த வருஷம் எல்லாமே புது ஏற்பாடு. ஷான் மலைகளிலிருந்து வந்த சாவ்பாக்கள் ஆறு பேருக்கும் ஆளுக்கொரு கிண்ணக்காரன். கிண்ணக்காரனுக்குப் பின்னால் உருவிய வாளோடு ஒருவன். குனிந்த தலைக்குத் தெரிந்தது அந்த இரண்டு ஜோடிக் கால்கள் மட்டும்தான். சாவ்பா அசைந்தால் வெட்டுவதற்குத்தான் வாள், வேறு எதற்கு?

கன்னத்தில் சாம்பல் கசந்தது.

இந்த வித்தையை அவருக்குக் கற்றுக்கொடுத்ததே மகன்தான். ஐந்து வயதில் கஷாயத்தை இப்படித்தான் கன்னத்தில் அடக்கிக்கொண்டு போய் வாழை மரத்தடியில் துப்புவான், படவா. குட்டு வெளிப்பட்ட பிறகு, 'எங்கே, நாக்க நீட்டு பாப்போம்' என்று சோதிக்காமல் சாவ்பா அவனை விட்டதில்லை.

ஐயோ, எங்கேடா போனாய்?

கிண்ணத்தைத் திருப்பி வாங்க எதிரே நின்றவன் குனிந்தான். அந்தப் பர்மியக் கூடத்தில் காவலர் யாருக்கும் புரியாத ஷான் பேச்சில், கெஞ்சுகிற குரலில் முணுமுணுத்தான்.

"எங்கே, நாக்க நீட்டுங்க பாப்போம்."

சாவ்பா கண்ணைத் தூக்கிவிட்டார்.

வாளின் முனை அவர் பக்கம் இல்லை. கிண்ணக்காரனின் பிடரியில் இருந்தது.

மடக்கென்று விழுங்கினார். பிறகு, மன்னர் பார்த்தால் பார்க்கட்டும் என்று நாக்கை நன்றாக நீட்டிக் காட்டினார்.