அளவு சரியில்லை

"உங்க அளவுக்கு உடை இல்லைங்க ஐயா. நீங்க இன்னிக்குப் படகிலேயே இருங்க."

வழிகாட்டி குஷிகென் இதைச் சொன்னபோது, மினோபேயின் அளவில் இரண்டு ரப்பர் நீச்சல் உடைகள் அவன் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தன.

ஜமாமித் தீவை விட்டுக் கிளம்பி, கடலாமைகள் மேய வரும் இடத்தில் அப்போதுதான் நங்கூரம் போட்டிருந்தார்கள். படகில் பயணிகள் நாலே பேர். நகோயாவிலிருந்து தேனிலவுக்கு வந்த ஒரு ஜோடி. ஒசாகாவிலிருந்து மினோபேயும் அவர் மனைவி கஸுயோவும்.

மினோபே மேலே கைகாட்டி, அது என்ன என்று கேட்டார். அதில் ஓட்டை என்றான் குஷிகென். இன்னொன்று? அதிலும் ஓட்டையாம்.

நகோயா மாப்பிள்ளை எழுந்துபோய் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கை விடவும் கால் விடவும் இருக்கிற ஓட்டைகளைத் தவிர வேறு எதுவும் அவருக்குத் தென்படவில்லை.

"சரி, உடையே வேண்டாம்" என்று சட்டையைக் கழற்றினார் மினோபே. அறுபத்தாறு வயது. முப்பத்தெட்டு வருடம் பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவர். ஏணியை நோக்கி அவர் நடக்க, குஷிகென் குறுக்கே வந்து நின்றுகொண்டான். உடை இல்லாமல் இறங்கக் கூடாது, அது எங்கள் படகின் விதி என்றான். அரை நிமிடம் முன்புதான் பிறந்த விதி.

மினோபேயின் முகம் சிவந்துவிட்டது. அவன் தோளைப் பிடித்து நகர்த்தப் பார்த்தார். அவன் நகரவில்லை.

அப்போதுதான் கஸுயோ எழுந்தார்.

"யாரைப் பார்த்து இறங்காதேங்கறே? நீ தொட்டியில குளிக்கவே பயந்த வயசுல இவர் ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் நீச்சல் கத்துக்கொடுத்தவர். பெரியவங்ககிட்ட எப்படி நடந்துக்கணும்னு உனக்கு யாருமே சொல்லித் தரலையா?"

குஷிகென் தலையைக் குனிந்துகொண்டான். அந்த அம்மாள் விடவில்லை. அவன் கடையை, படகை, அவன் தலைமுடியின் நிறத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. புதுப்பெண் மெல்லக் கைதட்டினாள்.

"என் வீட்டுக்காரர் இறங்காத தண்ணியில நானும் இறங்க மாட்டேன்" என்று முடித்து, கணவரின் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். மனைவி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று மாப்பிள்ளை தன் மனைவியிடம் சொன்னார். அப்படிச் சொன்னது மாப்பிள்ளைக்கே அன்றைய பொழுதைக் கொஞ்சம் கெடுத்தது.

அந்த ஜோடியை மட்டும் குஷிகென் தண்ணீருக்குள் கூட்டிப்போனான். போகும் முன், அடியில் கண்ணாடி பதித்த ஒரு மரப்பெட்டியை மினோபேயிடம் கொடுத்தான். விளிம்பில் குனிந்து தண்ணீரில் அழுத்தினால் கடலின் அடி தெரியும். குழந்தை விளையாட்டுச் சாமான் என்று அதற்கும் கஸுயோவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

மினோபே பத்து நிமிடம் முறைப்பாகவே இருந்தார். பிறகு யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துப் பெட்டியை எடுத்தார். நேர் கீழே ஒரு கடலாமை, கடற்புல்லைக் கடித்துக்கொண்டு, எந்த அவசரமும் இல்லாமல் இருந்தது. அது மூச்சு விட மேலே வந்தபோது மனைவியின் தோளைத் தட்டித் தட்டிக் காட்டினார். ஆமை எத்தனை நேரம் மூச்சடக்கும் என்று பாடமே எடுத்துவிட்டார்.

மதியம் பன்றிக்கறியும் முட்டையும் வைத்த சோற்று உருண்டையைத் தின்றபடியே மாப்பிள்ளை தன் கைப்பேசியில் கருத்து எழுதிவிட்டார். ஒற்றை நட்சத்திரம். 'மனிதாபிமானம் இல்லாத வழிகாட்டி.' பவளப்பாறை மேல் அவர் இரண்டு முறை ஏறி நின்றதையும், இரண்டு முறையும் அதே வழிகாட்டி இறக்கிவிட்டதையும் எழுத இடம் போதவில்லை போலும்.

கரைக்கு வந்ததும் யாரும் குஷிகெனுக்கு நன்றி சொல்லவில்லை. அவன் குழாயைத் திறந்து உடைகளை அலச ஆரம்பித்தான்.

கொஞ்ச நேரத்தில் கஸுயோ மட்டும் திரும்பி வந்தார். தொப்பியை மறந்துவிட்டதாகச் சொல்லிக் கணவரைக் கப்பல் வரிசையில் நிறுத்திவிட்டு வந்திருக்கிறார். பின்னால் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு இடுப்பு வரை குனிந்து வணங்கினார்.

"நேத்து போன்ல பேசிக்கிட்டதைவிட அதிகமாவே திட்டிட்டேன் தம்பி. மன்னிச்சுக்கங்க."

ஓட்டைக் கதை சரியாக எடுபடவில்லை என்று அவனும் மன்னிப்புக் கேட்டான்.

"மூணு மாசமா நெஞ்சுவலிக்கு மாத்திரை சாப்பிடறார். தண்ணியில இறங்கவே கூடாதாம். நான் பயந்துடுவேன்னு மாத்திரையை மூக்குக்கண்ணாடிக் கூட்டுல ஒளிச்சு வச்சிருக்கார். இறங்காதீங்கன்னு நான் சொன்னா, எனக்குத் தெரியும்கிறது அவருக்குத் தெரிஞ்சுபோயிடும். அப்புறம் மனுஷன் உடைஞ்சிடுவார்."

குஷிகென் குழாயை மூடினான்.

"நாளன்னிக்கு இஷிகாகித் தீவுல திருக்கை மீன் பார்க்க படகு பேசி வச்சிருக்கார்" என்றார் கஸுயோ, கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தபடி. "அங்க நான் திட்டறதுக்கு உங்களை மாதிரி நல்ல பையன் யாராவது இருந்தா, நம்பர் கொடுங்க தம்பி."