துபாயிலிருந்து வந்த பெட்டி

பெரம்பலூரில் டி.வி. ரிப்பேர் கடை வைத்திருந்த செல்லக்கண்ணுவிடம் எண்பத்தாறில் லப்பைக்குடிக்காட்டு ஹபீபா ஒரு பெட்டியைக் கொண்டுவந்தாள். துபாயில் இறந்துபோன அவள் கணவன் மதாரின் சாமான்களோடு வந்தது அது.

"இது என்னன்னு பாருங்கண்ணே. தூக்கிப் போட மனசு வரல. எதுக்காவது ஆகுமா?"

மூடியைக் கழற்றியதும் செல்லக்கண்ணுவுக்குப் புரிந்துவிட்டது. "அங்கெல்லாம் சந்தா கட்டாதவங்க பாக்கக் கூடாதுன்னு டி.வி. படத்தைக் கலைச்சு அனுப்புவாங்கம்மா. அதை நேராக்குற பொட்டி. பழசு. நம்ம ஊர்ல யாரு கலைச்சு அனுப்புறா?"

இருந்தாலும் டி.வி.யில் மாட்டிப் பார்த்தான். ஆன்டெனா இல்லாததால் வெறும் புள்ளிகள் இரைந்தன. பெட்டியின் சுவிட்சைப் போட்டதும் புள்ளிகள் ஒதுங்கி ஒரு கூடம் தெரிந்தது. நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"எங்க வூடு," என்றாள் ஹபீபா. "பூட்டிட்டுத்தானே வந்தேன்... அண்ணே, அது எங்க மச்சான், செத்துப்போன எங்க வூட்டுக்காரரு." எழுந்துவிட்டாள். "நான் போய்ச் சேர்ற வரைக்கும் நிறுத்திடாதீங்க."

அவள் பஸ் ஏறிப் போனாள். செல்லக்கண்ணுவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தான். நடுவில் கரண்ட் போய் விசிறி நின்றது. படம் நிற்கவில்லை.

ஒருவழியாகப் படத்தில் கதவு திறந்தது. ஹபீபா ஓடிவந்து கூடத்தைச் சுற்றிச் சுற்றித் தேடினாள். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. நாற்காலியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அதன் காலடியில் உட்கார்ந்து அழுதாள். மதார் குனிந்து அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அங்கதாம்மா இருக்காரு, உங்க பக்கத்துலயே!" என்று செல்லக்கண்ணு கத்தினான்.

ஹபீபாவுக்குக் கேட்கவில்லை. மதார் மட்டும் நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.