புது பஸ்ஸுக்குப் பூஜை

"பூஜை போடாம பஸ் வூட்டைத் தாண்டக் கூடாது," என்றாள் தினகரனின் மனைவி ஜெயப்பிரியா, கையில் எலுமிச்சம்பழத்தோடு.

"வாங்கினவரு மெட்ராஸ்ல காத்துக்கினு கீறாரு. இதெல்லாம் இன்னாத்துக்கு இப்போ?"

"போன தபா பூஜை போடாமதானே வித்தே? போற வழியிலயே முன்கண்ணாடி நொறுங்கிச்சி. அந்த ஆளு பஸ்ஸைத் திருப்பி அனுப்பிட்டாரு."

தினகரன் பஸ்ஸுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தான். ஜெயப்பிரியா கற்பூரம் காட்டிவிட்டு, முன் டயரை ஒட்டிப் பழத்தை வைத்தாள்.

"ம், ஏத்து."

தினகரன் இரண்டு விரலால் பஸ்ஸை மெதுவாகத் தள்ளினான். பழம் நசுங்கவில்லை. நாள்கணக்கில் அவன் அட்டையை வெட்டி ஒட்டிச் செய்த பொம்மை பஸ்தான் மேசைமேல் கவிழ்ந்தது.

ஜெயப்பிரியா கொஞ்சமும் அசரவில்லை.

"நிமித்தி வை. சுண்டைக்கா பறிச்சிக்கினு வரேன்."