கட்டுப் பிரிக்கும் நாள்

காலை வெயில் கிளினிக்கின் கண்ணாடி இல்லாத ஜன்னல் வழியே நேராக மேசைமேல் விழுகிறது. லஸ் முனையின் ஹாரன் சத்தமும் தடையில்லாமல் கூடவே நுழைகிறது. அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் கதிரேசன் அந்தக் கண்ணாடியைக் குத்தி உடைத்தான். அப்பாவுக்கு ஊசி போடத் தாமதமாகிறதென்று நர்ஸ் தமிழ்நிலாவைச் சுவரோடு தள்ளிவிட்டு உடைத்தான். அப்பா இப்போது குறட்டை விட்டுத் தூங்குகிறார். உடைத்த கை தமிழ்நிலாவின் முன்னால் நீண்டிருக்கிறது. தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தாலும் அவள் விரல்கள் நிதானமாக இருக்கின்றன. இடுக்கியால் எடுத்துப் போடும் ஒவ்வொரு சில்லுக்கும் எவர்சில்வர் தட்டு கணீரென்கிறது. "அப்பாவ அப்டிப் பாத்ததும் இன்னா பண்றேன்னே தெர்ல சிஸ்டர். கேஸு கீஸுன்னு போயிடாத. கண்ணாடிய நானே மாத்தித் தந்துர்றேன்" என்கிறான். "கண்ணாடிய மாத்திடுவீங்க. என்னைத் தள்ளுனத?" மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் ஜாமீன் கிடையாது என்று அவன் தலைக்கு மேலே பலகை சொல்கிறது. வாரா வாரம் அதைத் தூசி துடைக்கும் தமிழ்நிலா இன்றைக்குத்தான் கடைசி வரி வரைக்கும் படித்திருக்கிறாள். கைக்குக் கட்டுப் போட்டு, அதன் நுனியில் பிளாஸ்திரி ஒட்டி, தடவிப் பார்த்து, கையுறையைக் கழற்றுகிறாள். பஞ்சு டப்பாவுக்கு அடியிலிருந்து, முன்பே எழுதி வைத்த புகார் மனுவை உருவிக் கையெழுத்துப் போட்டு, கண்ணாடி உடைந்த சத்தம் கேட்டு வந்து வாசலில் நிற்கும் கான்ஸ்டபிளிடம் நீட்டுகிறாள். "கட்டு நனையக் கூடாது சார். வியாழக்கிழமை பிரிக்கணும், மறக்காம இவரைக் கூட்டிட்டு வந்துடுங்க."