உள்ளீடுகள் நிறுத்தப்பட்டன

புயல் எச்சரிக்கை வந்ததும் எங்கள் வீடு தானாகக் கதவைப் பூட்டிக்கொண்டது. "உள்ளீடுகள் நிறுத்தப்பட்டன" என்று அறிவித்துவிட்டு பேட்டரியில் ஓடத் தொடங்கியது. தண்ணீர், மின்சாரம், காஸ், அவ்வளவுதானே என்று சோபாவில் சாய்ந்துவிட்டேன். காற்றின் இரைச்சலில் வேறெதுவும் கேட்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து, காற்று தணிந்ததும் கதவு தானாகத் திறந்தது. வீட்டு வேலை செய்யும் அஞ்சலை தெப்பலாக நனைந்து வாசலில் நின்றாள்.

"தட்டிப் பாத்தேன்க்கா. தெறக்கல."

ஏழாவது படிக்கும் என் மகள் தன்யா சுவர்த்திரையில் வீட்டின் பதிவுப் பட்டியலைத் தேடி எடுத்தாள்.

"அம்மா, ஒரு அமைப்புக்கு உள்ள இருக்கிறது பகுதி, வெளியிலேர்ந்து வர்றது உள்ளீடு. போன வாரம்தான் மிஸ் நடத்தினாங்க. அஞ்சலைக்காவ ஏன் உள்ளீட்டுல போட்டிருக்கு?"

நான்தான் போட்டேன், குடிவந்த அன்று. பகுதி என்று பதிந்தால் பீரோ இருக்கும் அறையும் அவளுக்குத் திறக்குமே என்று காஸுக்கு அடுத்த வரியில் அவள் பெயரைச் சேர்த்தேன். தரை துடைக்கும் இயந்திரத்தைப் பகுதிகளில்தான் பதிந்திருந்தேன்.

தன்யா அந்தப் பெயரைப் பகுதிகளுக்கு மாற்றினாள்.

"இவர் எப்போதிலிருந்து இந்த வீட்டின் பகுதி?" என்று வீடு கேட்டது.

தன்யா இந்தக் கூடத்தில் நடை பழகியதே அஞ்சலையின் விரலைப் பிடித்துத்தான்.

அஞ்சலை இன்னும் படிக்கு வெளியிலேயே நின்று முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"இன்னிக்குலேர்ந்துன்னு போட்டுக்கோ பாப்பா."