இரும்புக்குள் வரப்பு

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் வெட்டிச் சாய்த்த புளியமரம் கள்ளக்குறிச்சிச் சாலையை அடைத்துக் கிடக்கிறது. நின்றுபோன பேருந்தருகே, கோடாலியைத் தோளில் சாத்திய மாயவன், ஆராய்ச்சி மாணவி திலகவதியின் பையிலிருந்து எடுத்த புகைப்படத்தை வெயிலில் பிடித்துப் பார்க்கிறார். சிறிதும் பெரிதுமாகக் கட்டங்கள், நடுவே கறுத்த கோடுகள். கல்வராயன் மலைமேல் நின்றால் கழனிகள் இப்படித்தான் தெரியும். "இன்னாம்மா இது? எங்க நெலத்த மேலேந்து படம் புடிச்சிக்கினு போறியா? கெவுருமெண்டு ஆளா நீ?" அரிவாளோடு நின்ற கூட்டம் நெருங்குகிறது. "நெலம் இல்லீங்க, இரும்பு. மைக்ராஸ்கோப்புல எடுத்தது. இந்தக் கோடுகளையெல்லாம் கம்ப்யூட்டரையே கண்டுபிடிக்க வைக்கிறதுதான் என் ஆராய்ச்சி." அவர் தோளிலிருக்கும் கோடாலியைக் காட்டுகிறாள். "ஒங்க கோடாலிக்குள்ளயும் இப்படித்தான் இருக்கும்."

மாயவன் கோடாலியை இறக்குகிறார். பச்சை மரத்தின் ஈரம் காயாத அலகில் வெயில் வழுக்கி ஓடுகிறது. கட்டைவிரலால் தடவுகிறார், படத்தைப் பார்க்கிறார், மறுபடி தடவுகிறார். "இத்தினி வரப்பா? யாரும்மா இதுல பாகம் பிரிச்சது?" "யாரும் இல்லீங்க. உருகின இரும்பு ஆறும்போது தானா பிரிஞ்சிக்கும்." அவர் படத்தை வேட்டி முனையில் துடைத்து அவளிடம் நீட்டுகிறார். சாய்ந்த மரத்தைச் சுற்றி, ஒவ்வொருவராகத் தங்கள் அரிவாளை வெயிலுக்குத் திருப்பிப் பார்க்கிறார்கள்.