முக்கால் மணி நேரப் பயணம்

அக்கா ஊரிலும் தங்கை ஊரிலும் இருந்த இரண்டு சின்ன விமான நிலையங்களுக்கும் நடுவே முக்கால் மணி நேரப் பயணம்தான். அதைக் கடந்து வர மனம் இல்லாமல் ஆறு வருடம் தள்ளிவிட்டாள் தங்கை. அப்பாவின் வீட்டைப் பங்கு பிரித்தபோது உறவை முறித்துக்கொண்டு போனவள், போன வாரம் தானாகவே போன் செய்து மகளோடு வருவதாகச் சொன்னாள்.

அக்காவுக்குத் தன் ஊர் விமான நிலையத்தில்தான் வேலை, பெட்டி இறக்குகிறவர்களுக்கு மேற்பார்வை. வானம் மூடிக் கிடந்த அந்த மதியம் விமானம் நேரத்துக்கு வந்து நின்றது. ஏழெட்டுப் பேருக்குப் பின்னால் மகளைக் கைப்பிடித்தபடி தங்கை படியிறங்கினாள். அக்கா கையை உயர்த்தி அசைத்தாள்.

அப்போது போன் அடித்தது. தங்கையின் எண்.

"அக்கா, இங்க பேய் மழை. ப்ளேன் இன்னும் கிளம்பவே இல்ல. என் கண்ணு முன்னாலதான் நிக்குது."

"நீ எங்கடி இருக்க?"

"ஏர்போர்ட்லதான். இவ வேற அழுது தொலைக்கிறா. எனக்கு என்னவோ சரியாப் படல. நாங்க வீட்டுக்கே திரும்பிடறோம். இனிமே வர்ற பேச்சே வேண்டாம்க்கா."

அவள் குரலுக்குப் பின்னால் குழந்தை அழுவது கேட்டது.

அதற்குள் படியிறங்கியவர்கள் பக்கத்தில் வந்துவிட்டார்கள். தங்கை இளைத்திருந்தாள். குழந்தை சிரித்துக்கொண்டே பெரியம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டது.

"யாருக்கா போன்ல?" என்றாள் தங்கை.

"அக்கா, கேக்குதா?" என்றது காதில் அதே குரல்.

"யாரோ, ராங் நம்பர்" என்று சொல்லி அக்கா போனை அணைத்தாள். பிறகு குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.